விலகிப் போகாத டால்பின்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வேலூர் புதுப் பேருந்து நிலையத்தில் ஆம்பூர் வண்டி பிடித்தேன். ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டும்வரை ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாகாயத்தில் காது பரிசோதனை செய்கிறவள் நான். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே எரிச்சலூட்டும். இறங்கும்போது, “இப்படி அடிச்சா காது போய்டும்ண்ணே” என்றேன். “அது போயி ரொம்ப நாளாச்சு மேடம்” என்று சிரித்தார்.

வரச்சொன்னவன் என் தம்பி சாமுவேல். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓமனுக்குப் போனவன். அங்கே கடலில் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்க்கும் கம்பெனியில் வேலை. விடுப்பில் வந்திருந்தான், புதன்கிழமை மறுபடி விமானம். “உன்னை ஒண்ணு கேக்கணும்க்கா, போன்ல வேணாம்” என்று மட்டும் சொல்லியிருந்தான்.

ஆம்பூருக்குப் போய்ப் பிரியாணி பற்றி எழுதாதவளை யாரும் நம்பமாட்டார்கள். அன்று நாங்கள் சாப்பிடவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

ஒன்பதரைக்குப் பழைய கூட்டாளி சலீம் பாயிடம் சொல்லிக்கொள்ளத் தொழிற்சாலைக்குப் போனோம். சுண்ணாம்பும் ஈரத் தோலும் கலந்த வாடை. ஆளுயரத்துக்கு மேலான மர டிரம்கள் உருண்டுகொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. சலீம் பாய் முதுகைக் காட்டி மெஷினில் நின்றிருந்தார். சாமுவேல் அவரைக் கூப்பிடவில்லை. அந்த வரிசை முழுக்கச் சுற்றிக்கொண்டு போய், அவர் கண்ணுக்கு நேரே நின்று கையைத் தூக்கினான்.

“இன்னா தோஸ்த், கெளம்பிட்டியா? உடம்பப் பாத்துக்க” என்று அவர் கத்தினார். அவருக்குக் காது மந்தம்.

வெளியே டீக்கடையில் காரணம் சொன்னான். “பின்னாலேர்ந்து கூப்ட்டா கேக்காதுக்கா. தொட்டா திடுக்குனு திரும்புவாரு, கை மெஷினுக்குள்ள போய்டும். அதான் சுத்திப் போய் முன்னாடி நிப்போம். இங்க எல்லாருக்கும் இதான் பழக்கம்.”

பிறகு கேட்க வந்ததைச் சொன்னான். வலைக்கூண்டு மீனைத் தேடி டால்பின்கள் வருமாம். அவற்றை விரட்டத் தண்ணீருக்குள் ஒரு கருவி தொங்கும். அது ஓயாமல் கூர்மையாய் ஒலி எழுப்பும். அதைப் பார்த்துக்கொள்வது இவன் வேலை. மற்ற டால்பின்கள் விலகிவிட்டன. முதுகுத் துடுப்பில் வெட்டுத் தழும்புள்ள ஒன்று மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே சுற்றியது.

“திமிரு புடிச்சதுன்னு நெனச்சேன். சூப்பர்வைசர் சவுண்ட் கம்மி, ஜாஸ்தி பண்ணுன்னாரு. பண்ணேன். அப்பவும் போகல. இன்னொரு மெஷினும் எறக்கினேன். ஒருநாள் காலைல வலைல சிக்கிச் செத்துக் கெடந்துச்சு. அவ்ளோ பெரிய வலை, அதுக்குத் தெரியாதா?”

டீ ஆறிப்போயிருந்தது. என்னைப் பார்க்காமல் கேட்டான்: “அதுக்குக் காது போயிருந்திருக்குமாக்கா?”

இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டான். எனக்கு அது புரிந்தது. டால்பின் தான் எழுப்பும் ஒலி பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் வழியையும் இரையையும் கண்டுகொள்கிறது. பலத்த ஒலிக்குப் பக்கத்திலேயே கிடந்தால் காது கெடக்கூடும். கெட்ட பிறகு விரட்டும் ஒலியும் கேட்காது, வலையும் தெரியாது. ஆனால் அந்தக் காதை யார் சோதித்தார்கள்?

“இருந்திருக்கலாம்டா. பசியால கூட நின்னிருக்கலாம். ஆனா இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியல.”

“இங்க காது கேக்காதவர்கிட்ட ஒருநாளும் நான் கத்தினதில்லக்கா” என்றான். “அங்க சவுண்ட ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன்.” என் தம்பி அழுது நான் பார்த்தது அன்றுதான். போகாதே என்று சொல்ல நினைத்தேன். அவன் வீட்டு நிலைமை தெரிந்தவள், சொல்லவில்லை.

மூன்று மணி வண்டியில் திரும்பினேன். மாதனூர் தாண்டியபோது என் பரிசோதனை அறை நினைவுக்கு வந்தது. அங்கே நானும் ஒலியை ஏற்றுகிறவள்தான். கேட்கவில்லையென்றால் ஒரு படி, பிறகும் கேட்கவில்லையென்றால் இன்னொரு படி. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கேட்டால் அமுக்குவார். அமுக்காவிட்டால், அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.