கருப்பட்டிக் காப்பியும் இரட்டைப் பிள்ளைகளும்

தங்கபுஷ்பம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் தங்கை தன் மகன் நல்லசிவத்துக்கு உடன்குடியில் பெண் பேசி முடித்து வந்த அன்று. பெண் எப்படி என்று கேட்டேன். நல்ல வேலைக்காரி, கருப்பட்டிக் காப்பி மட்டும் வேளைக்கு வேளை வேண்டும் என்றாள். சிரித்துக்கொண்டோம்.

தியாகராய நகரில் நல்லசிவத்துக்கு ரவிக்கைத் துணிக் கடை. பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் வீடு. யார் வந்தாலும் தங்கபுஷ்பம் ரவிக்கைக்கு ஊக்கு தைத்தபடியேதான் பேசுவாள். மடியில் கத்தரிக்கோல் கிடக்கும். நூலைப் பல்லால்தான் கடிப்பாள்.

முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை இரட்டை என்றதும் அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். வலப்பக்கம் பெரியவன், இடப்பக்கம் சின்னவன் என்று தானே பிரித்துக்கொண்டாள். "ஏல சின்னவனே, உதைக்காத. அண்ணனுக்கு வலிக்கும்லா" என்று தையலுக்கு நடுவே அதட்டுவாள்.

ஆறாம் மாதம் சிறுநீரில் சர்க்கரை தெரிந்தது. இனிப்பு கூடாது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று மயிலாப்பூர் டாக்டரம்மா கண்டித்தார். தினம் ஊசி. ரேஷன் சீனியை அன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். காலையில் நீல மருந்தில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் கண்ணாடிக் குழாயில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. செங்கல் நிறமானால் ஆபத்து. செங்கல் நிறமாகவே வந்துகொண்டிருந்தது.

"சீனியத் தொட்டு மாசமாச்சு யத்தே" என்று என்னிடம் அழுதாள். அப்போதும் கையில் காப்பித் தம்ளர். அதில் என்ன என்று கேட்டேன்.

"கருப்பட்டிதான். அது மருந்துல்லா. இடுப்புக்குப் பெலம்னு அம்மா குடுத்துவிட்டா."

பனையில் வந்தாலும் கரும்பில் வந்தாலும் ரத்தத்துக்கு ஒன்றுதான் என்றார் டாக்டரம்மா. அதிலிருந்து இனிப்பு என்றாலே அவளுக்கு நடுக்கம். வளைகாப்புக்குச் செய்து வந்த சர்க்கரைப் பொங்கலை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

எட்டாம் மாதக் கடைசியிலேயே வலி கண்டு, போன வாரம் பிறந்தார்கள். பெரியவன் வீறிட்டு அழுதான். சின்னவன் பால் குடிக்கவில்லை. கையும் காலும் வெட்டி வெட்டி நடுங்கின. நர்ஸ் கிளாடிஸ் குளுகோஸ் தண்ணீரும் ஸ்பூனுமாக ஓடி வந்தாள். தங்கபுஷ்பம் பிள்ளையின் வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இனிப்பு ஆகாதுன்னுதான சொன்னிய? இப்ப நீங்களே குடுக்கியளா?"

"அது உனக்குச் சொன்னதும்மா. உன் ரத்தத்து இனிப்புல வளர்ந்த புள்ள. தொப்புள்கொடி அறுத்ததும் அதுக்குச் சர்க்கரை சுத்தமா எறங்கிப்போச்சு. கைய எடு, லேட்டானா ஃபிட்ஸ் வந்துடும்."

"அப்ப, நான் குடிச்ச காப்பியா?"

கிளாடிஸ் ஸ்பூனோடு குனிந்து நின்றாள். தங்கபுஷ்பம் கையை எடுத்தாள்.

நடுக்கம் நின்றிருக்கிறது. ஆனாலும் சின்னவனை, குறைமாதப் பிள்ளைகளுக்கான கண்ணாடிப் பெட்டியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. பெரியவனை மடியில் போட்டுக்கொண்டு, தங்கபுஷ்பம் இப்போது அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.