கண்டக்டரம்மாவின் சாவி

மில் லைனில் கண்டக்டரம்மா வீடு எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, குரலே காட்டிக்கொடுத்துவிடும். "உள்ள போ, உள்ள போ, நடுவுல அவ்வளவு எடம் கெடக்கு" என்று ஆயுசு முழுக்க பஸ்ஸில் கத்திய தொண்டை அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. வீட்டுக்குள் கணவரிடம் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் சொம்பைத் தேடுவார்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும், கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷத்திலிருந்து, இறுக மூடியே இருந்தது.

மில் லைன் என்றால் நூல் மில் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்கென்று கட்டிய வீடுகள். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. ஒரு வீட்டைப் பார்த்துவிட்டால் மற்றதைப் பார்க்க வேண்டாம். முன்னறை, பின்னால் சமையலறை, ஓரமாகச் செங்குத்தான மாடிப்படி. நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, இங்கே தும்மினால் "மாத்திரை போட்டியா?" என்று அங்கிருந்து கேட்பார்கள். கட்டிய முதலாளி எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். கதவு, ஜன்னல், கொண்டி, பூட்டு எல்லாம் ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டார். மேஸ்திரிகளின் மூலைவீடுகளுக்கு மட்டும் ஒரு ஜன்னல் கூடுதல். அந்த ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்காரிகள் நடந்த நடை இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மில்லை மூடியபோது குடியிருந்தவர்களே வீடுகளை வாங்கிக்கொண்டார்கள். ரொம்ப வருஷம் கழித்து நகர அலுவலகத்து ஆட்கள் வந்து, தெருமுனையில் 'பழமை வாய்ந்த குடியிருப்பு' என்று பலகை மாட்டினார்கள். அன்றிலிருந்து வாசல் பக்கம் ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கதவை மாற்றக் கூடாது, பூட்டை மாற்றக் கூடாது. கழுத்தில் கேமராவோடு வருகிறவர்கள் ஒழுகுகிற கூரையைப் பார்த்து "ஆஹா" என்பார்கள். "மழையில வந்து பாருங்க, இன்னும் நல்லா இருக்கும்" என்பார் கண்டக்டரம்மா.

இனி அந்த மூடிய வாய்க்கு வருவோம். புதுசாகக் கண்டக்டர் வேலை கிடைத்த சமயம். விடிவதற்கு முன் முதல் வண்டிக்குப் போய், உச்சி வெயிலில் திரும்புவார். ஒருநாள் கால் ஓய்ந்து வந்தவர் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார், கட்டிலில் விழுந்தார், தூங்கிப்போனார். கண் விழித்தால் எதிரே ஒரு தையல் மெஷின். நம் வீட்டில் ஏது தையல் மெஷின் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிறகுதான் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். அது எதிர்வரிசைத் தையல்காரர் வீடு! அந்த நாளில் எல்லாக் கதவும் ஒரே பச்சை. கட்டிலும் இங்கே எல்லார் வீட்டிலும் ஒரே இடத்தில்தான் கிடக்கும், வேறு எங்கே போட்டாலும் மாடிப்படியில் இடிக்கும். நல்லவேளை, தையல்காரர் குடும்பம் வெளியே போயிருந்தது. படுக்கையை நீவிவிட்டுப் பூனை மாதிரி நழுவி வந்தார்.

ஆக, தன் சாவி அந்த வீட்டையும் திறக்கிறது. சந்தேகம் தீராமல், பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கதவிலும் போட்டுப் பார்த்தார். லட்டு மாதிரி திரும்பியது. பொம்பளை பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள் என்று ஏற்கெனவே தெருவே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த காலம். இந்தச் சாவி விஷயமும் தெரிந்தால், எந்த வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் பழி யார் தலையில் விழும்?

மில்லில் ஃபிட்டராக இருந்த கணவரிடம் மட்டும் சொன்னார்.

"பூட்டை மாத்திடலாங்க."

"ஏன் மாத்துனன்னு தெருவே கேக்கும். என்ன சொல்லுவ? பேசாம இரு" என்றார் அவர்.

பேசாமல் இருந்தார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டவர் குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. ஒரு தடவை மூன்றாம் வீட்டு டீச்சரம்மாவின் சங்கிலி காணாமல் போனது. சமையலறை மாவு டப்பாவுக்குள்ளிருந்து அது கிடைக்கும் வரை கண்டக்டரம்மாவுக்கு சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. எடுக்காத பொருளுக்காக ஒரு மனுஷி இப்படி நடுங்க வேண்டுமா என்று தன்மேலேயே அழுகையாக வந்தது.

போன வருஷம் பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்னக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை. அந்தப் பெண் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். மரியாதையாகச் சிரிப்பாள், அதற்கு மேல் ஒட்ட மாட்டாள். வந்ததும் செய்த முதல் காரியம், பூட்டை மாற்ற அனுமதி கேட்டு நகர அலுவலகத்துக்கு எழுதியது. முடியாது என்று பதில் வந்தது. அதை அவள் வாசலில் நின்று சொன்னபோது கண்டக்டரம்மா கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆமாமா, அவங்க விட மாட்டாங்க" என்றார். குரலே எழும்பவில்லை.

ஒருநாள் காலை அந்தப் பெண் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க வாசலுக்கு வந்தாள். காற்று ஓர் அடி அடித்தது. கதவு சாத்திக்கொண்டது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற பழைய பூட்டு. சாவி உள்ளே, போன் உள்ளே, குழந்தையும் உள்ளே.

அவள் போட்ட அலறலில் தெருவே திரண்டுவிட்டது. பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள். ஜன்னலில் விரல் பருமனுக்குக் கம்பி. யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்கள். யாரோ கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார்கள். பழமை வாய்ந்த கதவாயிற்றே, அசைவேனா என்றது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பிறகு அழுகை நின்றுபோனது.

"பால் பொங்கி அடுப்ப அணைச்சிருச்சு போல. கேஸ் வாடை வருது!" என்று ஜன்னலருகே நின்ற கண்டக்டரம்மா வீட்டு ஃபிட்டர் கத்தினார்.

அந்தப் பெண் கதவில் தலையை மோதிக்கொண்டாள். கண்டக்டரம்மாவின் கை கயிற்றில் இருந்தது. மானமா, குழந்தையா? இப்படி ஒரு கேள்வி தன் மனசில் வந்ததே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. போகட்டும், திருடி என்றே சொல்லட்டும்!

"வழி விடு! வழி விடு!" பஸ்ஸை நிறுத்துகிற அதே குரல். கூட்டம் பிளந்தது. கயிற்றோடு சாவியைக் கழற்றிப் பூட்டுத் துவாரத்துக்குக் கொண்டுபோனார். அதே துவாரத்தைத் தேடி இடதுபக்கமிருந்து இன்னொரு கை வந்தது, அதிலும் ஒரு சாவி. நிமிர்ந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தையல்காரர்! அவர் தோளுக்குப் பின்னால், கைப்பைக்குள் கையை விட்டபடி மூச்சு வாங்க டீச்சரம்மா.

முறைத்துப் பார்க்க நேரமில்லை. கண்டக்டரம்மா திறந்தார். "யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஃபிட்டர் ஓடி சிலிண்டரை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார். குழந்தை கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து, அம்மாவின் செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. செருப்பைப் பிடுங்கியதும் அது போட்ட சத்தத்தைக் கேட்டுத் தெருவுக்கே போன உயிர் திரும்பி வந்தது.

குழந்தையைத் தாயிடம் கொடுத்த பிறகுதான் கண்டக்டரம்மா தையல்காரர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நான் இங்க வந்த மறுமாசமே தெரியும்மா. நீங்க வெளியூர் போயிருந்தப்ப, மழையில உங்க மாடி ஜன்னல் டமார் டமார்னு அடிச்சுக்கிச்சே. நாந்தான் வந்து சாத்தினேன்."

"அடப்பாவி மனுஷா! நான் சாத்திட்டுத்தான் போனேன்னு இவருகிட்ட சத்தியம் பண்ணி சண்டை போட்டேனே!"

டீச்சரம்மாவுக்கும் தெரியும். மூலைவீட்டு மேஸ்திரி மகனுக்கும் தெரியும். ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அத்தனை பேரும் நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

"உங்க சங்கிலி காணாமப் போனப்ப நான் செத்தே போனேன், டீச்சர்" என்றார் கண்டக்டரம்மா.

"போடி பைத்தியக்காரி. உன்ன சந்தேகப்பட்டா தெருவையே சந்தேகப்படணும். நான் வாயைத் தொறந்தா, என் சாவி எப்படி எல்லா வீட்டுக்கும் சேருதுன்னு என்னையில்ல கேப்பாங்க?"

சிரிப்பு கொல்லென்று எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியும் போனது. ஏனென்றால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள்.

"அப்ப, எங்க வீட்ட யார் வேணாலும் தெறக்கலாமா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து கண்டக்டரம்மா இத்தனை காலம் ஓடினாரோ, அந்தக் கேள்வி கடைசியில் நேருக்கு நேராக வந்து நின்றது.

"தெறக்கலாம்மா" என்றார். "நீ வந்ததுலேருந்து இன்னிக்கு வரைக்கும் நான் உன் வீட்ட தெறந்ததில்ல. இதுக்கு மேல நீ நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்."

அந்தப் பெண் விருட்டென்று உள்ளே போனாள். போய்விட்டாள், நாளைக்கே வீட்டைக் காலி செய்வாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தையல்காரர் தலையைத் தொங்கப்போட்டார்.

அவள் தன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தையோடு நேரே கண்டக்டரம்மா வீட்டு வாசலுக்குப் போனாள். சாவியைப் போட்டாள், திருப்பினாள், கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே அத்தனை பேரும் வாயைப் பிளந்து நிற்க, சமையலறைப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, உங்க பாலை எங்க வெச்சிருக்கீங்க? பாப்பாவுக்குப் பசிக்குது."

கண்டக்டரம்மா கண்ணைத் துடைத்துவிட்டு, "ஜன்னலோரமா இருக்கு பாரு, எடுத்துக்கோ" என்று சொன்னது தெருக்கோடி வரை கேட்டது.