தேன்புகையின் ஒரே தண்டு

காலையில் இல்சியார் பாத்திக்கு வந்தபோது, தேன்புகை என்ற கிளாடியோலஸ் பூத்து நின்ற இடத்தில் வெட்டுப்பட்ட அடித்தண்டு மட்டும் இருந்தது. சாய்வான, புது வெட்டு. சாறு இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

தாவரவியல் பூங்காவின் கிளாடியோலஸ் தொகுப்பில் அந்த ரகத்துக்கு இதுவே கடைசி வாய்ப்பு. போன இரண்டு வருடமும் மொட்டு விரியுமுன் உறைபனி விழுந்து கருக்கிவிட்டது. "இந்தத் தடவையும் மார்க் போட முடியலேன்னா கிழங்கெல்லாம் உரக்குழிக்குத்தான்" என்று மதிப்பீட்டுக் குழுத் தலைவி எம்மா ருடோல்ஃபோவ்னா சொல்லிவிட்டார். வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடியவள் இல்சியார் ஒருத்திதான். டிராக்டர் ஓட்டுபவரின் மகள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கூட்டத்தில் அவள் வாய் திறந்ததே அன்றுதான். பேசியது பூவுக்காகவா, தன் சொல் நிற்க வேண்டும் என்பதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

பல செடிகளில் ஒன்றே ஒன்று நேரத்துக்குப் பூத்திருந்தது. குழு மதியம் வருகிறது.

எல்லாரும் 'அகாய்', அண்ணா, என்று கூப்பிடும் காவலாளி ஃபன்சில் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அகாய், என் பாத்தியில கை வச்சது யாரு?"

"நான்தான். செப்டம்பர் ஒண்ணு, பள்ளிக்கூடம் திறக்குற நாளாச்சே! பேத்தி இன்னைக்கு முதல் வகுப்பு, டீச்சருக்குப் பூ வேணாமா? கழிச்ச வரிசையிலதான் அறுத்தேன். எண்ணிப் பாத்தா ஆறு. ரெட்டைப்படையில குடுத்தா சாவுப்பூ ஆயிடுமே! அதான் பக்கத்துல இருந்து இன்னொண்ணு."

"அட்டை குத்தியிருந்துச்சே!"

"நீ செத்த செடிக்கும்தான் அட்டை குத்தி வைக்கிற."

அவள் ஓடினாள்.

பள்ளி மைதானம் முழுக்க வெள்ளை ரிப்பன்களும் பூங்கொத்துகளும். ஃபன்சிலின் பேத்தி அப்போதுதான் கொத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். இல்சியார் பாய்ந்து தேன்புகையை உருவினாள்.

"டீச்சர், இந்த அக்கா என் பூவைத் திருடுறாங்க!"

ஆசிரியை கொத்தை எண்ணினார். "ஆறு! முதல் நாளே என்னை அடக்கம் பண்றியாம்மா?"

இல்சியார் இன்னொரு தண்டையும் உருவினாள். "இப்ப அஞ்சு."

பெற்றோர் கூட்டம் சிரித்தது. அவள் அதற்குள் பேருந்தில் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது குழு பாத்தியருகே நின்றிருந்தது.

"மண்ணுல நிக்காத பூவுக்கு நான் எப்படி மார்க் போடறது?" என்றார் எம்மா ருடோல்ஃபோவ்னா.

இல்சியார் மண்டியிட்டு, தண்டின் வெட்டை அடித்தண்டின் வெட்டோடு பொருத்திப் பிடித்தாள். இடைவெளியே தெரியாமல் உட்கார்ந்தது.

எம்மா ருடோல்ஃபோவ்னா குனிந்து பார்த்தார். மெல்ல அவரும் மண்டியிட்டு அளவுநாடாவை இழுத்தார்.

"அடிப்பூ ஒண்ணு பஸ்ல நசுங்கியிருக்கு. அதுக்குக் குறைப்பேன்."

"குறைங்க."

"ஆடாம பிடி."

உயரம், மொட்டுகள், விரிந்த பூவின் அகலம். அவர் அளவுகளைச் சொல்லச் சொல்ல யாரோ எழுதினார்கள். இல்சியாரின் விரல்கள் மரத்துப்போயின.

"கிழங்கு தோண்டறப்போ தனிப்பெட்டியில வை" என்றபடி எழுந்தார் எம்மா ருடோல்ஃபோவ்னா. "உரக்குழி வேணாம்."

இல்சியார் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"விடும்மா. இனிமே விழுந்தா பரவாயில்ல."