நித்தியானந்தன் மாஸ்ரர் எழுதிய கடிதம்

லண்டன் மோர்டனில் யாருக்குக் கடிதம் தேவைப்பட்டாலும் நித்தியானந்தன் மாஸ்ரரைத்தான் தேடிப் போவார்கள். வேலைக்கும் எழுதுவார், வீசாவுக்கும் எழுதுவார். கீழே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் முத்திரையை அழுத்திக் குத்துவதில் அவருக்கு ஒரு பெருமை. எவரைப் பற்றியும் குறை எழுதமாட்டார். அதுதான் வினையாகப் போனது.

அவரிடம் தமிழ் படித்த தர்மிகா, அப்பா அடிப்பதை வகுப்பாசிரியையிடம் சொல்லிவிட்டாள். அன்றே அப்பா அவளை வீட்டை விட்டுத் துரத்தினார். ஒன்றரை வருடமாக ஈஸ்ட் ஹாமில் சிநேகிதி வீட்டில் இருக்கிறாள். இப்போது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. படிப்புக் கடனுக்குப் பெற்றோரின் வருமான விபரம் கேட்டார்கள். பெற்றோரோடு உறவே இல்லையென்றால், பொறுப்பான ஒருவர் அதை எழுதித் தர வேண்டும்.

மாஸ்ரர் எழுத உட்கார்ந்தார். எங்கள் சனத்தின் வீட்டுச் சங்கதியை வெள்ளைக்காரனுக்கு எழுதுவதா? கை வரவில்லை. ‘கௌரவமான குடும்பம். சிறு மனத்தாங்கல். விரைவில் ஒன்றுசேர்வார்கள்’ என்று எழுதி முத்திரையும் குத்தினார். அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார், மனுசன்!

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். தர்மிகா கடிதத்தின் பிரதியோடு வந்து நின்றாள்.

“வெள்ளிக்கிழமைக்கிடையில சரியா எழுதித் தராட்டி இடம் போயிடும், மாஸ்ரர்.”

“உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை அப்பிடி எழுதினனான்.”

“நடந்தது உங்களுக்குத் தெரியுந்தானே.”

தெரியும். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இம்முறை அடித்ததை எழுதினார், துரத்தியதை எழுதினார், அதன்பின் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் அவளோடு பேசியதில்லை என்பதையும் எழுதினார். கடன் அலுவலகம் கேட்டிருந்த கடைசிக் கேள்வியில் பேனை நின்றது: இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பிறகு எழுதினார். ‘கலைவிழா அழைப்பிதழ் கொடுக்கப் போயிருந்தேன். அவளைத் துரத்தியபோது நான் அங்கேதான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.’

தர்மிகா வாங்கி வாசித்தாள்.

“வாசலில நிண்டு உங்களைத்தான் திரும்பிப் பாத்தனான், மாஸ்ரர். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கீழ வைக்கேல்லை.”

மாஸ்ரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

“தா பிள்ளை. அதையும் எழுதிறன்.”