ஓரகத்தியின் பெட்டிக்கு வைத்த பெரிய பொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. சரஸ்வதி பூஜை முடிந்த அடுத்த வாரம், புளத்கொகுபிட்டியவிலிருந்து கித்துல்கலவுக்குப் போகிற வழியில். இன்றைக்கும் அந்த வளைவு வந்தால் என் கை தானாகவே சீட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எங்களுக்கு பஸாரில் பலசரக்குக் கடை. என் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து, கித்துல்கல ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாமென்று ஒரு கரவன் செய்தார்கள். கெப் வண்டிக்கு, அதாவது எங்கள் பிக்கப்புக்கு, பின்னால் கொழுவி இழுத்துப் போகிற குட்டி வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. கீழே பக்கத்துக்கு இரண்டாக நாலு டயர். ஜன்னல் திரைகளைத் தைத்தது நான். இதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் ஒருத்தரும் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, செய்ததுதான் பெரிது. கொழும்பில் படித்தவள். இங்கிலீஷ், சிங்களம் எல்லாம் தண்ணீர் மாதிரி வரும். அதெல்லாம் போகட்டும். பத்து மாதம் சுமந்து பெற்ற என் மகளுக்கு வாயைத் திறந்தால் சித்திதான். சித்தி அப்படிச் சொன்னாங்க, சித்தி இப்படிச் செஞ்சாங்க. நான் தலை பின்ன வந்தால் ‘வேணாம்மா, சித்தி பின்னி விடுவாங்க’ என்று ஓடிவிடுவாள். கேட்டுக்கொண்டே நிற்பேன். வயிறு எரியும்.

கரவன் முடிகிற நேரம் ஓரகத்தி ஒரு புதுக் கதையைக் கிளப்பினாள். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறதென்று காட்டுகிற மானிட்டராம். வால்வு மூடிக்குப் பதிலாக நாலு டயரிலும் ஒவ்வொரு குட்டிக் கருவியைத் திருகிவிட வேண்டும். காற்று இறங்கினால் டிரைவருக்கு முன்னால் இருக்கிற சின்னப் பெட்டி கத்தும்.

என் கணவர் முகத்தைச் சுளித்தார். வண்டி எடுக்குமுன் ஒரு கட்டையால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்லிவிடுகிற மனுஷன் அவர். எதிர்த்துப் பேச எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

“இத்தன வருஷம் லொறி ஓட்டினவரு. அவருக்குத் தெரியாததையா இந்தப் பொட்டி சொல்லப் போகுது?” என்றேன்.

“அப்படி இல்லக்கா. தட்டிப் பார்த்துட்டு வெளிக்கிட்ட பிறகு ஆணி குத்தினா? பக்கத்துக்கு ரெண்டு டயர் இருக்கிறதால ஒண்ணு இறங்கினாலும் மத்தது தாங்கிக்கும். மாமாவுக்கு முன்னுக்கு ஒண்ணுமே தெரியாது. சூடாகி வெடிக்கிறப்பதான் தெரியும்.”

மாமா என்று அவள் கூப்பிடுவது என் கணவரை. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் இன்னும் எரிச்சல். மகள் உடனே, “சித்தி சொல்றதுதான் சரிப்பா, பூட்டுங்க” என்றாள். நாலு டயரிலும் கருவி பூட்டி, பெட்டியும் வைத்தாகிவிட்டது.

சரஸ்வதி பூஜை வந்தது. தராசு, கத்தி, கெப், கரவன் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வீட்டில் மூத்த மருமகளான என் வேலை. அதை மட்டும் இன்னும் யாரும் பிடுங்கவில்லை. கடைசியில் அந்தப் பெட்டி. இதை விட்டுவிட்டால், ‘பாரு, என் சாமானுக்கு மட்டும் வைக்கல’ என்று நினைப்பாளே? இருப்பதிலேயே பெரிய பொட்டாக அப்பினேன். மேலே வழுவழுவென்று ஒரு கறுப்புப் பட்டை இருந்தது, சந்தனம் வைக்க அம்சமான இடம். அந்தப் பட்டையில் வெயில் பட்டுத்தான் பெட்டிக்கு சார்ஜ் ஏறும் என்று எனக்கு யார் சொன்னது? பூஜைப் பொட்டை நாங்கள் துடைப்பதில்லை, அதுவாக உதிரும்வரை விட்டுவிடுவோம்.

முதல் தடவை கரவனைக் கொண்டுபோன நாள், கணவர் வழக்கம்போல நாலு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் முன் சீட்டில், ஓரகத்தி பின் சீட்டில். கொழுந்தனார் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். என் மகள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, கரவன் போகிற அழகை வீடியோ எடுத்துக்கொண்டு வந்தாள். எடுக்கச் சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யட்டியாந்தோட்டை தாண்டி, ஒரு பக்கம் ரப்பர் மலையும் மறுபக்கம் ஆறுமாக வளைவுகள் தொடங்கின. ஒரே மழை மப்பு. பின்னாலிருந்து ஓரகத்தியின் குரல்:

“மாமா, பொட்டி ஏன் கறுத்துப் போய் இருக்கு? ஒருக்கா நிப்பாட்டுங்களேன்.”

“கத்தாம இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?” என்றேன். பெட்டி செத்துப்போனதில் எனக்குள்ளே ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன்.

“இந்த வளைவுல எங்க நிப்பாட்டுறது? கொஞ்சம் முன்னுக்குப் போவோம்” என்றார் கணவர்.

அவள் பின் சீட்டிலிருந்து எட்டிப் பெட்டியை எடுத்தாள். காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். ஒரு வார்த்தை, ‘யாருக்கா இப்படி அப்பினது’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கைப்பையிலிருந்து போன் சார்ஜ் ஏற்றுகிற பவர் பேங்கை எடுத்துச் சொருகினாள். பெட்டி முழித்துக்கொண்ட கொஞ்ச நேரத்தில் வீல் என்று கத்தியது.

“இடது பக்கம், பின் டயர்! காத்து இல்ல, சூடு ஏறுது. மாமா, மெதுவா, மெதுவா!”

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கரவனுக்கு நேர் பின்னால் வருவது என் பிள்ளை. அது வெடித்து இந்த வளைவில் கரவன் ஆடினால், மோட்டார் சைக்கிள் நேரே ஆற்றுக்குள். ‘ஐயோ என் புள்ள!’ என்று அலறினேன்.

கணவர் மெல்ல ஊர்ந்து, ஒரு டயர் கடை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி ஓடினேன். டயர் சப்பிப்போய், ஓரம் கிழிந்து கம்பி தெரிந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம். நடுவில் ஒரு நீட்டு ஆணி. கடைக்காரர் டயரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“அனே நோனா, தெய்யோ தமய் பேருவே” என்றார். கடவுள்தான் காப்பாற்றினாராம்.

எனக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல். கடவுள் என்றால் பரவாயில்லை, கடவுளோடு எனக்குப் போட்டி கிடையாது. ஆனால் என் கணவர் விட்டாரா? “தெய்யோ நெவெய், அபே நங்கி” என்று அவளைக் காட்டினார். கடவுளில்லை, எங்கள் தங்கச்சிதான் என்று அந்த மனுஷனிடம் சிங்களத்திலேயே பெருமை.

மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுக் கொழுந்தனாரும் மகளும் வந்தார்கள். கணவர் விஷயத்தைச் சொன்னார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னாலேயே நிற்கிறேன். என்னைத் தாண்டிப் போய் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஓரகத்தி அவளை மெதுவாகத் திருப்பி, “அம்மாகிட்ட போ, பாவம், ஒங்கம்மா பயந்துட்டாங்க” என்று என் பக்கம் அனுப்பினாள். பெற்ற பிள்ளையையும் அவள் கொடுத்து நான் வாங்கினேன். விடவே மனமில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொட்டு வைத்தது யார் என்று ஓரகத்திக்குத் தெரியாதா என்ன? இன்றுவரை வீட்டில் ஒருத்தரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அதற்கும் எனக்கு அவள்மேல் கோபம்தான்.

இப்போதும் பூஜைக்குச் சந்தனம் வைப்பது நான்தான். அந்தப் பெட்டிக்கு மட்டும் பின்பக்கமாக, பட்டையில் படாமல் வைக்கிறேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. என் மகள் ‘சித்தி, சித்தி’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்கிறது. எரியட்டும், அப்படிக் கூப்பிட என் பிள்ளை இருக்கிறாளே.