பதினைந்து நொடி சாக்ஸபோன்

1996 ஜூன் 16, ஞாயிறு. காலை 6.10க்கு எழுந்தேன். மழைமானியில் நான்கு மில்லிமீட்டர். வாரத்துக்கான ஐந்து சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டேன். மதியம் இசைத்தட்டுகளைத் துடைத்தேன். மூன்று மணிக்கு மனைவியின் அண்ணன் மவுண்ட் ரோஸ்கிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றவில்லை.

நான்கு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. முப்பதுகளின் இறுதியில் பதிவான ஒரு நடன இசைத்தட்டுத்தான் காரணம். அதில் பதினைந்து நொடி சாக்ஸபோன் தனியாக வருகிறது. பின்பாதியில், வாசித்தவர் திடீரென்று இரட்டை வேகம் எடுத்து, யாரும் எதிர்பாராத அந்நிய சுரமொன்றில் போய் நிற்கிறார். சில ஆண்டுகள் கழித்து பீபாப் என்று பெயர்பெற்ற ஜாஸ் பாணி அங்கேயே தலைகாட்டிவிட்டது என்பது என் கட்சி. எப்சமில் கூடும் எங்கள் ஜாஸ் வட்டத்தில் அதைப் பற்றி உரையாற்ற இருந்தேன். வட்டத்தின் செயலாளர் மனைவியின் அண்ணன்தான். அதே தட்டு தம்மிடமும் இருக்கிறது, அப்படி ஒன்றும் அதில் இல்லை என்று என் உரையை வெட்டிவிட்டார். பதிலுக்கு, செயலாளருக்குக் காது கேட்பதில்லை என்று உறுப்பினர் எல்லாருக்கும் கடிதம் போட்டேன். இப்போது ஜூலைக் கூட்டத்தில் ஓர் உரைக்கு இடம் காலி. மனைவி மன்றாடி அவரை வரவழைத்திருந்தாள்.

"போடும் மச்சான், உம்மடை அதிசயத்தை."

போட்டேன். அவர் முகம் சுருங்கியது. தம் தட்டை நீட்டினார். அதே பாட்டு, அதே லேபிள், அதே எண். சாக்ஸபோன் மட்டும் மெட்டைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடக்கமாக ஓய்ந்தது.

"செவிடன் ஆர் எண்டு இப்ப சொல்லும்!"

பூதக்கண்ணாடியை எடுத்தேன். லேபிளைச் சுற்றிய வெற்று வளையத்தில் அவருடையதில் 1 என்றும் என்னுடையதில் 2 என்றும் பொறித்திருந்தது. ஒரே பாட்டை இரண்டு முறை வாசித்திருக்கிறார்கள். கம்பனி இரண்டையும் ஒரே எண்ணில் விற்றிருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் அட்டை எழுதிவைத்த நான் அந்த வளையத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்ப எனக்குக் காது பிழையில்லை" என்றார்.

"எனக்கும் பிழையில்லை."

"கடிதம் எழுதினது நீர். ஜூலைக் கூட்டத்திலை எழும்பிக் கதையும். ஆனா என்ரை தட்டையும் போட்டு, நான் கேட்டது சரியெண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்ல வேணும். இல்லாட்டி ட்ரம்பெட்டைப் பற்றிக் கதைக்க ஒராள் நிக்கிறார்."

"அப்ப ட்ரம்பெட்டையே கேளுங்கோ."

மனைவி ஒரேயொரு தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "ஒரு தேத்தண்ணிதான் இருக்கு. காது கேக்கிற ஆள் எடுங்கோ."

இருவரும் எடுக்கவில்லை. அவர் தட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

இருட்டுமுன் இரண்டையும் ஒன்பது தடவை கேட்டேன். என் தட்டு மட்டும் இருந்தால், அந்த அந்நிய சுரத்தைக் கை தவறியது என்று எவரும் சொல்லலாம். அவருடையதை முதலில் போட்டால் அப்படிச் சொல்ல முடியாது. பாதுகாப்பாக வாசிக்கத் தெரிந்தவர் அடுத்த முறை வேண்டுமென்றே அங்கே போயிருக்கிறார். என் வாதத்துக்கு அந்தச் செயலாளரின் தட்டு தேவைப்பட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கள் காலை, தண்ணீர்கூட அடுப்பில் வைக்காமல், அவருக்குத் தொலைபேசினேன். "உங்கடை தட்டு முதல், என்ரை பிறகு. காது விஷயமும் சொல்லுவன்" என்றேன். அவர் வாய் திறக்குமுன் வைத்துவிட்டேன்.