ஆறாவது எலும்பு

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் எக்ஸ்ரே மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கு 'இன்னொருதரம்' என்று பெயர் வைத்தது நான்தான். அங்கே நான் சீனியர் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம். முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் அவர் திரையைப் பார்த்து எலும்புகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும், "இன்னொரு தரம் பாத்துடலாம் டாக்டர்" என்பார். டாக்டர் பல்லைக் கடிப்பார்.

எண்ணாமலும் முடியாது. முன்பெல்லாம் முதுகை நீளமாகத் திறப்பார்கள். இப்போது விரல் நகத்தளவு கீறல் நான்கைந்து போட்டு, அதன் வழியே ஸ்குரூக்களை இறக்கி, கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். ரத்தம் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஒன்றே ஒன்றுதான், டாக்டர் எலும்பை நேரில் பார்ப்பதில்லை. திரையில் தெரிவது எத்தனையாவது எலும்பு என்று இவர்தான் சொல்ல வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயிண்டருக்கு இவர் தப்பாகச் சொன்னார். இடுப்புப் பகுதியில் பொதுவாக ஐந்து எலும்பு, சிலருக்கு ஆறு. பெயிண்டர் அந்தச் சிலரில் ஒருவர். குப்புறப் படுக்க வைத்ததும் நசுங்கிய எலும்பு நிமிர்ந்துகொண்டு நல்லது போலவே நின்றது. இவர் கீழேயிருந்து எண்ணினார்; ஒன்று தள்ளிப்போயிற்று. மறுநாள் ஸ்கேனில் தெரிந்து திரும்பச் செய்தார்கள். பெயிண்டர் எழுந்து நடந்தார், இடது காலை இழுத்துக்கொண்டு. பெரிய டாக்டர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். எண்ணியது யார் என்று பெயிண்டர் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது இவருக்கு இந்த எண்ணுகிற பைத்தியம். படியை எண்ணுவார், ஜன்னல் கம்பியை எண்ணுவார். அவர் மனைவி ஒருநாள் என்னிடம், "தலை துவட்டக் குனிஞ்சா முதுகுல விரலை வச்சு எண்ணுறாருக்கா. அஞ்சா ஆறான்னு எனக்கே பயம் வந்துடுச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பெயிண்டர் செக்கப்புக்கு வரும் நாளில், கால் தரையில் உரசும் சத்தம் கேட்டாலே மனிதர், எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க நாங்கள் போட்டுக்கொள்ளும் ஈயக் கவுன்கள் தொங்கும் அறைக்குள் போய் நின்றுகொள்வார்.

போன மாதம் அதே பெயிண்டர் டிராலியில் வந்தார். மறுபடி விழுந்து, பழைய ஸ்குரூவுக்கு மேலே இன்னொரு எலும்பு உடைந்திருந்தது.

"வேற ஆளைப் போடுங்க சிஸ்டர். என்னால முடியாது."

"வேற ஆளு லீவு. வந்து நில்லுங்க."

பெயிண்டர் படுத்தபடி இவரைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, எனக்கு ஆறு எலும்பு. டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துங்க. போன தரம் எவனோ எண்ணத் தெரியாதவன் கோட்டை விட்டுட்டான்."

இவர் முகம் சுண்டிப்போயிற்று. பேசாமல் இருந்திருக்கலாம். மாஸ்க்கைக் கீழே இறக்கினார்.

"அது நான்தாண்ணே."

பெயிண்டரின் சிரிப்பு போய்விட்டது. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தரம் எப்படி விழுந்தேன்னு கேளு" என்றார்.

இவர் டிராலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெயிண்டரே சொன்னார்.

"இடது கால் படியில நிக்கல. வச்சேனா இல்லையான்னே தெரியல."

மயக்க மருந்து கொடுத்து அவரைத் திருப்பிப் போட்டார்கள். இவர் கீழேயிருந்து எண்ணினார், கழுத்திலிருந்து இறங்கி எண்ணினார், வாய்விட்டு. "இன்னொரு தரம்" என்றபோது டாக்டர் பல்லைக் கடிக்கவில்லை. ஸ்குரூக்கள் சரியான இடத்தில் இறங்கின. சாயங்காலம் பெயிண்டர் இரண்டு கால் விரல்களையும் அசைத்தாராம். இடது மட்டும் எப்போதும் போலக் கொஞ்சம் தாமதமாக.

நான் வார்டுப் பக்கம் போகவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கும் இவர் எண்ணி முடித்துத் தயங்கினார். "இன்னொரு தரம், மேலேருந்து பாக்கலாமா?" என்று கேட்டார். டாக்டர் கை கழுவப் போயிருந்தார். அடுத்த கேஸ் வெளியே காத்திருந்தது. "போதும், நகருங்க" என்று சொன்னவள் நான். அந்தப் பெயரையும் பிறகு நான்தான் வைத்தேன். நான் நகரச் சொன்னதை இவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. டிராலி பக்கத்தில் "நான்தான்" என்று அவர் ஒப்புக்கொண்டபோதும், ஃபைலைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

போன வாரம் தையல் பிரிக்கப் பெயிண்டர் வந்தார். வராந்தாவில் கால் உரசும் சத்தம் கேட்டது. "வாங்கண்ணே" என்று இவர் எதிரே போனார். ஈயக் கவுன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது நான்.